கை வைக்காத பணம்

“இருபத்தெட்டு நாளும் பணத்துல கை வைக்கலையே, ஐயா?”

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு விசா வேலை பார்த்துத் தரும் மகிமா, தன் தேனி அலுவலகத்தில் இஞ்ஞாசிமுத்துவிடம் கேட்டாள். மகள் அனிதா மேரியின் லண்டன் படிப்புக்காக, ரோட்டோர நிலத்தை விற்று, கேட்ட தொகையை மட்டும் சரியாக வங்கியில் போட்டிருந்தார் அவர். விசாவுக்கு அந்தத் தொகை இருபத்தெட்டு நாள் அப்படியே கணக்கில் இருக்க வேண்டும்; இடையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் கல்லூரி சேர்க்கை முடிந்துவிடும்.

“கெணத்து மோட்டார் எரிஞ்சுபோச்சு தாயி, தொடலையே! வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேசன்னு டாக்டர் சொன்னாக. அதையும் தள்ளிப் போட்டுட்டேன்.”

கணக்கு விவரத்தைப் பார்த்துக்கொண்டே வந்த மகிமா கடைசி வரியில் திடுக்கிட்டாள்.

“நேத்துதான் இருபத்தெட்டாவது நாளு. நேத்து ஐந்நூத்தியொண்ணு எடுத்திருக்கீகளே!”

“அது செலவில்ல தாயி, காணிக்கை.”

“எதுக்குக் காணிக்கை?”

“இந்தப் பணத்துல கை வைக்காம இருக்க எனக்குப் புத்தியக் குடுன்னு அந்தோணியாருக்கு நேந்திருந்தேன். கேட்டபடியே காப்பாத்திட்டாரு. அந்தப் பணத்துலருந்தே செலுத்துறதுதான மொறை?”