அபினவ் பெயரில் என் ஆட்டம்

"அந்த ஆட்டத்தை என் பேருக்கு மாத்திக் கொடுங்க, அபினவ்."

இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று பிரௌசிங் சென்டர் மணிமாறன் அண்ணன் சொல்லியிருந்தார். அந்த நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் கடையில் உட்கார்ந்து, பணக்காரப் பிள்ளைகளின் கணக்கில் காசுக்கு விண்வெளிச் சண்டை ஆடிக் கொடுப்பேன். இப்போது சிறுவயது ஆட்டப் பதிவைப் பார்த்துத்தான் வேலை தருகிறார்கள். எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாக நான் வாங்கிய பட்டத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் பெயரில் ஆட்டமே இல்லையாம். என் ஆட்டத்தைக் காட்டி அபினவ் மீட்புப்படை அதிகாரி ஆகிவிட்டான்.

"நானுந்தான் ஆடினேன்," என்றான் தன் அலுவலக நாற்காலியில் சாய்ந்தபடி.

"நீங்க ஆடினது 'செங்கோள்'. அதுல கண்ணுல பட்டதையெல்லாம் சுடலாம். 'விண்கோட்டை'யில அடிபட்டவனைத் தூக்கிட்டு ஓடணும். போரடிக்குதுன்னு அதை என் தலையில கட்டினீங்க. தூக்கிட்டு ஓடினவ நான்."

அவன் சிரித்தான். "கோவப்படாதீங்க. எங்க அக்கா பையனுக்கும் 'விண்கோட்டை' ஆடிக் கொடுங்களேன். நல்லாவே தருவா."

புகார் கொடுத்தால் ஆள்மாறாட்டத்தில் நானும் மாட்டுவேன். அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காது. அது தெரிந்தேதான் அவன் அறையிலிருந்து வெளியே வந்து, புகார் கொடுக்க அதே கட்டடத்தின் மேல்மாடி விசாரணை அலுவலகத்துக்குப் படியேறினேன்.