இரண்டாகப் பிரித்த தளம்

யாருக்கு யார் என்ன உறவு என்று ஊரார் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கணினித் தளத்தை இரண்டாகப் பிரித்து, உயிரோடிருப்பவர்களை ஒன்றிலும் இறந்தவர்களை மற்றொன்றிலும் வைத்துவிட்டார்கள். பழைய ஆட்களைப் புதியதற்குப் பழக்குவது ரெஜினாவின் வேலை. "தனித்தனியாக் கேளுங்க" என்றே காலையிலிருந்து போனில் சொல்லி, அவள் தொண்டை வற்றியிருந்தது.

அடுத்துப் போனில் வந்தவர் உப்பளத்துப் பவுல்துரை.

"எனக்கு எத்தன புள்ளன்னு கேட்டா ஒண்ணுமில்லங்குது தாயி! பழசு ஸ்டெல்லான்னு சொல்லும். தெனமும் அதக் கேட்டுட்டுத்தான் உப்பு வார எறங்குவேன்."

ஸ்டெல்லா போன வருசம் இறந்திருந்தாள்.

"மக அந்தப் பக்கம் இருக்கு அண்ணாச்சி. அங்க கேளுங்க."

"கேட்டேனே. அங்க அவளுக்கு அப்பனே இல்லியாம்."

ரெஜினா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "பவுல்துரை மக ஸ்டெல்லா," என்றாள்.

மறுமுனையில் உப்பு வாரும் பலகையை எடுக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கும் நீதான் போன எடுப்பியா, தாயி?"