நிற்காமல் சிலிர்த்த ஆடு

ஆட்டின் கண்ணுக்கு நேரே கையை வீசினாள் கௌசிகா. இமை அசையவில்லை.

முன்னங்காலை மடக்கி, குளம்பின் மேற்பக்கம் தரையில் படும்படி வைத்தாள். நல்ல ஆடு அடுத்த நொடியே காலை உதறி நேராக்கிக்கொள்ளும். இதுவோ வைத்தது வைத்தபடி நின்றது.

சத்தியவேட்டுப் பக்கம் கால்நடை டாக்டராக வந்த நாள்முதல், கிறுக்குப் பிடித்தது போலத் திரியும் ஆடுகளை அவள் நிறையவே பார்த்திருக்கிறாள். மூளையில் புழுக்கட்டி இருந்தால் இப்படித் தள்ளாடும். கெட்டுப்போன தீவனம் தின்றாலும் தள்ளாடும். இதற்கும் அப்படி ஏதாவதாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

அப்போது ஆடு கத்தியது. தொண்டை கட்டிப்போன ஆள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்ப்பது போன்ற குரல். கௌசிகா கையுறையை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆட்டுக்காரர் கோவர்த்தனனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நாளைக்குக் கங்கம்மாவுக்கு வெட்டுவதற்கென்று நேர்ந்துவிட்ட ஆடு. காலையில்தான் மஞ்சள் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்டிருந்தார்கள். உடம்பைச் சிலிர்த்தால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். சில ஆடுகள் மரம் மாதிரி நின்று ஊரையே காக்கவைக்கும். இது தண்ணீர் மேலே விழும் முன்பே சிலிர்த்தது. இன்னும் நிறுத்தவில்லை.

இப்படி மனசு நிறைந்த உத்தரவு யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று மனிதர் பூரித்துப்போயிருந்தார். நாளை வரைக்கும் அது கீழே விழாமல் நிற்க ஒரு ஊசி போட்டால் போதும் என்றார்.

ஆட்டின் வாயிலிருந்து எச்சில் கயிறாக வடிந்துகொண்டிருந்தது. இதன் வாயில் யாராவது கையை விட்டீர்களா என்று கௌசிகா கேட்டாள்.

“தொண்டையில மாங்கொட்ட மாட்டிக்கினு கீதோன்னு நானும் இவளும் மாத்தி மாத்தி கைய வுட்டுத் துழாவிப் பார்த்தோம். ஒண்ணும் ஆப்புடல,” என்றார் கோவர்த்தனன்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தாட்சாயணியின் புறங்கையில் பல் கீறிய தடம் இன்னும் காயவில்லை.

ஆட்டை நாய் ஏதாவது கடித்ததா என்றதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம் ஒரு நாய் பட்டியில் புகுந்தது உண்மைதான் என்றார்கள்.

கௌசிகா சுற்றி வளைக்கவில்லை. இது வெறிநோய் என்றாள். ஆட்டை வெட்டக் கூடாது, தொடவும் கூடாது, நீங்கள் இருவரும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். அம்மன் ஏற்றுக்கொண்டதை வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்பது போல முறைத்தார் கோவர்த்தனன்.

அவள் கெஞ்சினாள். படித்த படிப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். நோய் தலைகாட்டும் முன்பே ஊசி போட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தலைகாட்டிவிட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் கைவிரித்துவிடுவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடைசியில் தாட்சாயணிதான் இறங்கிவந்தாள். புறங்கையை முந்தானையால் மூடிக்கொண்டு, போய்விட்டு வந்துவிடலாம் என்று கணவனிடம் சொன்னாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுக்கப் போனார்.

கௌசிகாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இரண்டு உயிர் தப்பியது. இந்த வேலைக்கு வந்ததற்கு இது ஒன்று போதும் என்றுகூட நினைத்தாள். சந்தோஷத்தில் அழுகை வரும்போல இருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு, கை கழுவ வாசல் குழாயைத் திறந்தாள். வாளியில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது.

தாட்சாயணி ஓடிவந்து குழாயை மூடினாள். சாத்தியிருந்த வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இங்க வாணாம் டாக்டரம்மா, பின்னால போய்க் கழுவிக்கலாம். அந்த நாயத் தொரத்தின என் கொழுந்தன் உள்ள படுத்துக்கினு கீறாரு. தண்ணி சத்தம் கேட்டாலே அவரு மேல கங்கம்மா வந்து ஒடம்பத் தூக்கித் தூக்கிப் போடுது. அவருக்காகத்தான் இந்த ஆட்ட நேர்ந்துக்கினோம்.”