மூன்றாவது சுனை

கழுத்தில் கடித்த காட்டு ஈயை அறைந்தேன். கையில் என் ரத்தம்தான் ஒட்டியது.

முள்ளை வெட்டி வழிவிட்டுக்கொண்டு நான் முன்னால் போனேன். கோயில் தலைவர் வேலுசாமி பித்தளைக் குடத்தோடு பின்னால். அவருடைய தங்கச்சி மகன் அழகுராஜா, போனில் மலையைப் படம் பிடித்துக்கொண்டு, அதற்கும் பின்னால்.

செண்பகத்தோப்புக்கு மேலே எங்கள் ஊருக்கு மூன்று சுனைகள். மூன்றாவதில் மொண்டு வந்தால்தான் வைகாசிப் பொங்கலில் அம்மனுக்கு அபிஷேகம்.

என் தோளில் ஒரு கேன் தொங்கியது. காலையில் என் பெண்டாட்டி கருத்தம்மாள் எங்கள் தெருக் குழாயில் பிடித்துக் கொடுத்த உப்புத் தண்ணீர்.

"இதைக் குடிச்சிட்டு, வரும்போது சுனைத் தண்ணி கொண்டாய்யா. இந்த வருசமாவது ஒரு வாய் குடிச்சுப் பாப்போம்."

கோயிலில் எங்கள் தெருவுக்குக் கயிற்றுக்கு வெளியேதான் இடம். தீர்த்தம் அவ்வளவு தூரம் எட்டாது.

முதல் சுனை வற்றி வெடித்துக் கிடந்தது. இரண்டாவதில் காட்டுமாட்டின் குளம்புத் தடம் மட்டும். சுனையை நம்பி வந்தவர்களின் பாட்டில்கள் காலி.

அழகுராஜா உதட்டை நக்கிக்கொண்டு என் கேனுக்குக் கை நீட்டினான்.

"ஏலே, அது எந்தத் தெருத் தண்ணி?" என்றார் வேலுசாமி.

நீட்டிய கை மடங்கியது.

அதற்குமேல் அந்தத் தண்ணீர் எனக்கும் இறங்கவில்லை. மூடியை இறுக்கித் திருகினேன்.

மூன்றாவது சுனையை மூக்குதான் முதலில் கண்டது. முழங்கால் அளவுச் சேற்றுத் தண்ணீரில் ஒரு மிளா மான் செத்து ஊதிக் கிடந்தது. ஈக்கள் அதை விட்டு எங்கள் மேல் ஏறின. மேலே மரத்தில் ஒரு சாம்பல் அணில் விடாமல் கத்தியது.

வேலுசாமி குடத்தைப் பார்த்தார். கீழே மேளத்தோடு ஊரே நிற்கும்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே, கேனைக் கொண்டா."

குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பாவம், தொண்டை வறண்டிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

கேனையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனார். வரும்போது குடத்தின் வாயை வேப்பிலை மூடியிருந்தது. கேனை என் பக்கம் எறிந்தார். காலியாக வந்து விழுந்தது.

"மிளா செத்தது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்."

இறங்கும்போது கடித்த ஈ எதையும் நான் அடிக்கவில்லை. கை அரிவாளை விட்டு வரவில்லை.

அபிஷேகம் முடிந்து தீர்த்தம் கொடுத்தார்கள். கயிற்றுக்கு உள்ளே நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார்கள்.

"தேனால்லா இருக்கு" என்றார் வேலுசாமி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

மிச்சத்தைப் பூசாரி வெளியே நீண்டிருந்த கைகளைப் பார்த்து ஒரு வீச்சு வீசினார். கருத்தம்மாளின் உள்ளங்கையில் கொஞ்சம் விழுந்தது. நாக்கில் வைத்தாள்.

முகம் சுருங்கியது. என் தோளில் தொங்கிய காலிக் கேனைப் பார்த்தாள்.

"ஏய்யா, இது நம்ம குழாய் மாதிரியில்ல கரிக்கி?"

"நம்ம தண்ணிதான்" என்றேன். மேளத்தை மீறிச் சொன்னேன்.

கயிற்றுக்கு உள்ளே யாரோ துப்புகிற சத்தம் கேட்டது.