பிரசங்கம் கேட்காத அம்மா

"இந்த வரி மட்டும் வேண்டாம்" என்று சொல்லி, போதகர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மாவின் நினைவு ஆராதனையில் படிப்பதற்காக இரண்டு நாள் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதியது அது. அப்பா போன பிறகு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபது வருடம் படுக்கை விரிப்பு தேய்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியது, பரீட்சை நாளில் மூன்று மணி நேரமும் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றே ஜெபித்தது, பேரப்பிள்ளைகள் நகம் கடித்தால்கூட அதற்கும் ஒரு ஜெபம் வைத்திருந்தது, எல்லாம் அதில் இருந்தது.

போதகர் அடித்த வரி இது: 'நாற்பது வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பிரசங்கத்தைத் தவறவிடாதவர்.'

"ஏன் ஐயா? நான் என்ன பொய்யா எழுதியிருக்கேன்? காய்ச்சல்ல கிடந்தாகூட மாத்திரையைப் போட்டுக்கிட்டு இங்க வந்து நிப்பாங்களே எங்கம்மா!"

"வருவாங்க தம்பி. நான் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாங்க. ஆனா நான் இந்தச் சபைக்கு வந்த இந்த ஆறு வருஷத்துல அவங்க ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. பாட்டு முடிஞ்சு நான் பேச எழுந்தா, அவங்களும் எழுந்துடுவாங்க. நேரா பின்கதவு வழியா வெளியே!"

போதகர் சிரித்தார். "ஆரம்பத்துல, என் பேச்சுதான் அவ்வளவு மோசமோன்னு நினைச்சேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்குச் சுருக்கென்றது.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணியானால் அம்மாவின் போன் வந்துவிடும். "இன்னிக்குப் பிரசங்கம் என்ன தெரியுமா?" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, துணி மடித்துக்கொண்டே 'உம்' கொட்டுவாள். சர்ச்சுக்கு வராதவளைக் குத்திக்காட்டத்தான் அம்மா இப்படிப் பேசுகிறாள் என்று உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

அப்படியென்றால், அத்தனையும் அளந்துவிட்ட கதையா?

"கேக்காத பிரசங்கத்தை எனக்கு எப்படிச் சொன்னாங்க?" குரல் அவளை அறியாமல் உயர்ந்துவிட்டது.

"நீ ஏன் குதிக்கறே? நானாவது வெளியூர்ல இருக்கறவன், தெரியலை. நீதான் எட்டு வருஷமா இந்தப் பக்கம் தலைவச்சே படுக்கலையே" என்றான் அண்ணன்.

போதகர் இருவரையும் கையமர்த்தினார். "ஆராதனைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. பின்னாடி ரூமைப் போய்ப் பார்த்துட்டு வாங்கம்மா. நான் சொல்றதைவிட அதுதான் நல்லது."

தங்கை விடுவிடுவென்று போனாள்.

நாற்காலிகளை அடுக்கி வைக்கிற அறை. ஒரு மூலையில் பாய். மரக்கட்டைகள் போட்ட ஒரு டப்பா, காது பிய்ந்த துணி முயல், சுவரில் சின்னக் கையெட்டும் உயரத்துக்குக் கிரேயான் கிறுக்கல். ஓர் இளம்பெண் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு, இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ? இங்க என்ன பண்றே?"

"இதுதாங்க பாட்டியோட ரூம்." அந்தப் பெண்ணின் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. "பிரசங்கம் ஆரம்பிச்சா, எங்க பிள்ளைங்களை எல்லாம் வாங்கிக்கிட்டு இங்க வந்துடுவாங்க. 'போங்கடி, நிம்மதியா உட்கார்ந்து கேளுங்க'ன்னு எங்களை உள்ள விரட்டிடுவாங்க. ஒருநாள் பதினோரு வாண்டுங்க! ஒத்தை ஆளா மேய்ச்சாங்க."

தங்கை சுவர்க் கிறுக்கல்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா முடிஞ்சதும் லேசுல விட மாட்டாங்க. ஒவ்வொருத்தியா நிறுத்தி, ஐயா என்ன சொன்னார்னு ஒப்பிக்கச் சொல்வாங்க. நாங்க ஆளுக்கு ஒண்ணு சொல்வோம். எல்லாத்தையும் சேர்த்து மனசுல போட்டுக்குவாங்க. 'எதுக்குப் பாட்டி இந்தப் பாடு?'ன்னா, 'சாயங்காலம் என் மககிட்ட பேச ஒரு சாக்கு வேணுமேடி'ம்பாங்க."

அவள் குனிந்து, அந்தத் துணி முயலின் பிய்ந்த காதைத் தடவிப் பார்த்தாள்.

"நீங்க பாட்டிக்குச் சொந்தமா?"

"ம்... சொந்தந்தான்."

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. குழந்தை இன்னும் பலமாக வீறிட்டது.

"பாருங்க, பாட்டிக்கான ஆராதனையிலகூட என்னால உட்கார முடியாது போல." அந்தப் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "'உங்களுக்குப் பிரசங்கம் கேக்கணும்னு ஆசையில்லையா பாட்டி?'ன்னு ஒருதடவை கேட்டேன். 'ஆசைப்பட்டுத்தான் கெட்டேன்'னாங்க. அவங்க மக கைப்பிள்ளையோட வந்திருந்தாங்களாம். பிள்ளை அழுதிருக்கு. பாட்டி எல்லார் முன்னாடியும், 'வெளியே தூக்கிட்டுப் போடி, பிரசங்கம் காதுல விழலை'ன்னு அதட்டிட்டாங்களாம். போனவங்க, அப்புறம் வரவே இல்லையாம்."

அன்றைக்கு வாகனக் கொட்டகையில், மழைச்சாரல் முகத்தில் அடிக்க அடிக்க நின்றது அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் கைப்பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு. உள்ளே முதல் பெஞ்சில், பாட்டிக்காகத் தேம்பிக்கொண்டிருக்கிறான்.

"மன்னிப்புக் கேக்க வாய் வரலைன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க. 'என் மகளுக்கு ஆனது இன்னொருத்தி மகளுக்கு ஆகக் கூடாது'ன்னுதான் இந்த ரூமையே கேட்டு வாங்கினாங்களாம்." அந்தப் பெண் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "அந்த மக இன்னிக்காவது வந்திருப்பாங்களா... உங்களுக்குத் தெரியுமாக்கா?"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வந்திருக்கா. பிள்ளையை என்கிட்ட குடுத்துட்டு, நீ உள்ள போய் உட்காரும்மா."