எல்லோரும் சிரித்தால்தான் படம்

இருபத்து நான்கு மெகாபிக்சலுக்கு முன்னால் எந்த மூடநம்பிக்கையும் நிற்காது. ஸ்டாண்டில் நிற்கும் என் புதுக் கேமரா முகத்துக்கொரு மஞ்சள் கட்டம் போடும்; எல்லோரும் சிரித்தால்தான் தானாகவே படமெடுக்கும். வெளிநாடு கிளம்பும் அக்காவை நடுவில் வைத்து அம்மாவும் அப்பாவும் சோபாவில் உட்கார்ந்தார்கள். மூவரும் சிரித்தார்கள். திரையில் நான்கு கட்டங்கள். படம் விழவில்லை.

“கொஞ்சம் சிரிங்களேன்,” என்றாள் அம்மா.

“சிரிச்சுட்டுதானே இருக்கேன்,” என்றார் அப்பா.

“உங்களைச் சொல்லல.”

அம்மா சோபாவின் காலி ஓரத்தைப் பார்த்தாள். க்ளிக்.

“காத்துக்கு மரியாதை வேறயா?” என்றேன்.

“நீயும் வந்து உட்காருடா, டாக்ஸி வந்துடுச்சு,” என்று அக்கா இழுத்தாள்.

எங்கள் பக்கம் திருப்பிய திரையில் ஐந்து கட்டங்கள்.

காலி ஓரத்தைப் பார்த்து, “சிரி,” என்றேன். படம் விழவில்லை. வாசலில் ஹாரன் அடித்தது.

காலி ஓரத்தின் பக்கம் மெல்லச் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், “சிரிங்க,” என்றேன்.