மூன்றாவது கோட்டு

நம் தெரு பெயிண்டர் மூன்றாவது தடவையாக அதே இடத்தில் வெள்ளை அடிக்கிறார். நாற்பது வருடமாக ஊரார் சுவரில் குறை கண்டே பிழைத்தவர். போன மாதம்தான் கண்ணில் ஆபரேஷன். அதற்கு அவர் அழுத அழுகை தெருவுக்கே தெரியும். காலி அறையில் பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் கிடக்கிறது. சுவரில் அந்த இடம் மட்டும் வெளிச்சமாக, வலை வலையாக விரிந்து சுருங்குகிறது. சுவரில் ஈரம் ஏறிய ஓதம் என்றால் நெளியாதே. அப்படியானால் கண்ணா? கண் போனால் நாளைக்கு யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? வீராப்பை மூட்டை கட்டிவிட்டு, கதவைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மனைவியைக் கூப்பிடுகிறார்.

"ஏம்மா, இங்க ஏதாச்சும் ஆடுதா?"

"உங்க வாளித் தண்ணி ஆடுது. நீங்க பிரஷ்ஷை முக்க முக்க, வெயில் அதுல பட்டுச் சுவர்ல அடிக்குது. இதுக்கா மூணு கோட்டு?"

அவர் வாளியைக் காலால் நகர்த்துகிறார். சுவர் வெறும் சுவராகிறது. திரும்ப இழுத்து வைக்கிறார். வந்துவிடுகிறது.

"இது எத்தனை நாளா இப்படி?"

"வாளி என்னிக்கு வெயில்ல இருந்துச்சோ, அன்னிலேருந்து."

கண் பிழைத்தது என்று நிம்மதிப்படுவதா, இத்தனை வருடம் இது எங்கே போயிருந்தது என்று யாரிடமாவது சண்டைக்குப் போவதா, அவருக்குப் பிடிபடவில்லை. பிரஷ் அவர் கால் விரலில் சொட்டுகிறது. தண்ணீர் மெல்ல அடங்க, சுவரிலும் ஆட்டம் நிற்கிறது.

"மிச்சச் சுவரை யாரு அடிப்பா?"

"அடிக்கலாம், இரு," என்று குந்தி உட்கார்ந்து, வாளிக்குள் ஒரு விரலை விட்டு மெதுவாகக் கலக்குகிறார்.